காலை 6 மணி டவுன்லோட் ஸ்க்ரிப்ட்: டாஸ்க் ஷெட்யூலர் சக்ஸஸ்ங்குது, ஃபோல்டர்ல ஃபைலையே காணோம்

பனியன்_ஐடி
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஐடி பாக்கறேன், ஐடின்னா பிரிண்டர் டோனர் மாத்தறதுல இருந்து செர்வர் வரைக்கும் எல்லாம் நான் ஒருத்தன்தான். லண்டன்ல இருக்கற பையர் தினமும் அவங்க எஸ்எஃப்டிபி செர்வர்ல (பாதுகாப்பா ஃபைல் அனுப்பி வாங்கற செர்வர்) ஒரு சிஎஸ்வி ஃபைல் போடுவாங்க. எந்த ஸ்டைல், எந்த சைஸ், எந்தக் கடைக்கு எத்தன பீஸ்னு அதுல இருக்கும், அத வெச்சுத்தான் பேக்கிங் செக்ஷன்ல காலைல கார்ட்டன் பிரிக்கறாங்க. இத எடுக்க வின்எஸ்சிபிங்கற ஃபைல் டிரான்ஸ்ஃபர் சாஃப்ட்வேருக்கு ஸ்க்ரிப்ட் ஒண்ணு எழுதி, பேட்ச் ஃபைல்ல வெச்சு, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல தினமும் காலைல 6:00க்கு போட்டிருக்கேன். ஜூன்ல போட்டது, இத்தன மாசம் ஒரு தொந்தரவும் இல்ல.

இப்ப என்னான்னா, 6 மணிக்கு டாஸ்க் ஓடுது, லாஸ்ட் ரன் ரிசல்ட்ல 0எக்ஸ்0ன்னு சக்ஸஸ் காட்டுது, ஆனா ஃபோல்டர் காலி. 9:30க்கு நான் போயி அதே பேட்ச் ஃபைல டபுள் கிளிக் பண்ணா டக்குனு ஃபைல் வந்துருது. ஸ்க்ரிப்ட்ல ஒரு எழுத்து கூட மாத்தலீங்க. பேக்கிங் சூப்பர்வைசர் தினமும் 8 மணிக்கே போன் பண்ணி உயிர எடுக்கறாரு. யாராச்சும் சொல்லுங்க.

கிரான்_மாமா
கையால ஓட்டினா வருது, ஷெட்யூலர்ல வரலன்னா நூத்துக்குத் தொண்ணூறு அக்கவுண்ட் பிரச்சனதான் தம்பி. நீ டபுள் கிளிக் பண்றப்போ அது நீயா ஓடுது, ஷெட்யூலர் ஓட்டறப்போ வேற யாராவோ ஓடுது. டாஸ்க் எந்த யூசர்ல இருக்கு? சிஸ்டம் அக்கவுண்டா? "யூசர் லாகான் ஆனாலும் ஆகாட்டியும் ஓட்டு" ஆப்ஷன் டிக் பண்ணிருக்கியா? அது டிக் ஆகிருந்தா இசட் டிரைவ் மாதிரி மேப் பண்ண டிரைவ் எதுவும் அதுக்குக் கண்ணுக்கே தெரியாது, மேப்பிங் எல்லாம் நீ லாகின் பண்ண செஷனுக்கு மட்டும்தான் சொந்தம். ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு செர்வர் பேரு, ஷேர் பேருன்னு முழு பாத் குடுக்கணும்.

இன்னொண்ணு, வின்எஸ்சிபில நீ சேவ் பண்ணி வெச்ச சைட் எல்லாம் ரெஜிஸ்ட்ரில அந்த யூசருக்குக் கீழதான் இருக்கும், இது சரியான செர்வர்தானான்னு பாக்கற ஹோஸ்ட் கீயும் அங்கதான். வேற யூசர்ல ஓடினா அந்த சைட் பேரே அதுக்குத் தெரியாது. அதனால ஸ்க்ரிப்ட்ல சேவ் பண்ண சைட் பேர நம்பாம ஓப்பன் கமாண்ட்லயே செர்வர், யூசர், ஹோஸ்ட் கீ ஃபிங்கர்பிரிண்ட் எல்லாத்தையும் எழுதிடு. ஹோஸ்ட் கீ எடத்துல நட்சத்திரக் குறி போட்டா எதையும் ஏத்துக்கும்னு நெட்ல சில பேர் சொல்லுவான், கேக்காத, அது கதவத் தொறந்து வெச்சிட்டுப் பூட்டு வாங்கற வேல.

தூக்கம்_கெட்டவன்
ப்ரோ பாஸ்வேர்டு ஏதும் மாத்தினீங்களா? விண்டோஸ் பாஸ்வேர்டு மாத்தினா ஷெட்யூலர்ல சேவ் ஆன பழைய பாஸ்வேர்டு அப்படியே நிக்கும், டாஸ்க் செத்துரும். எங்க ஆபீஸ்ல 3 மாசத்துக்கு ஒருக்கா இதே கூத்து.

பனியன்_ஐடி
அட ஆமாங்க, தீபாவளி லீவு முடிஞ்சு வந்தப்போ பாஸ்வேர்டு மாத்துன்னு கேட்டுச்சு, மாத்தினேன். ஷெட்யூலர்லயும் அன்னிக்கே புதுசு குடுத்துட்டேன். அக்கவுண்ட் என் அக்கவுண்ட்தான், சிஸ்டம் இல்ல. ஃபைல் விழற ஃபோல்டர் டி டிரைவ்ல லோக்கலாத்தான் இருக்கு, மேப்பிங் எதுவும் இல்லீங்க.

கிரான்_மாமா
அப்ப பவர் பாரு. கண்டிஷன்ஸ் டேப்ல "ஏசி பவர் இருந்தா மட்டும் ஓட்டு"ங்கற டிக் டீஃபால்ட்டாவே இருக்கும். டெஸ்க்டாப்தானேன்னு நெனைக்காத, யூபிஎஸ்ஸ யூஎஸ்பி கேபிள்ல சொருகிருந்தா விண்டோஸ் அத பேட்டரியா எடுத்துக்கும், கரண்ட் போன நேரத்துல டாஸ்க் கிளம்பாது. நம்மூர்ல காலைல மெயின்டனன்ஸ்னு கரண்ட எடுத்தா கதை முடிஞ்சுது.

மதுரை_சிஸ்அட்மின்
மாமா, டாஸ்க் கிளம்பலன்னாலோ பாஸ்வேர்டு தப்பா இருந்தாலோ ரிசல்ட்ல 0 எப்படி வரும்? அவரு 0எக்ஸ்0ங்கறாரு. அப்டின்னா டாஸ்க் கிளம்பி, பேட்ச் ஓடி, முடிஞ்சும் இருக்கு. எல்லாரும் ஷெட்யூலரயே நோண்டிக்கிட்டு இருக்கோம். பேட்ச் ஃபைலோட கடைசி வரி என்னாங்க? ஷெட்யூலர் பாக்கறது பேட்ச் முடியறப்போ என்ன நம்பர் வருதோ அதத்தான். வின்எஸ்சிபி 1னு ஃபெயில் சொல்லிருக்கும், அதுக்கு அடுத்த வரில நீங்க ஒரு மூவ் கமாண்ட் போட்டிருந்தா, அது நல்லபடியா முடிஞ்சு 0ன்னு சொல்லிடும், 1 காத்துல போயிரும். வின்எஸ்சிபி வரிக்குக் கீழயே எரர்லெவல, அதாவது அது குடுத்த அந்த நம்பர, ஒரு வேரியபிள்ல புடிச்சு வெச்சு கடைசில எக்ஸிட்டோட அதக் குடுங்க.

அப்பறம் பேட்ச்ல கூப்பிடறது வின்எஸ்சிபி டாட் காமா, வின்எஸ்சிபி டாட் இஎக்ஸ்இயா? ஸ்க்ரிப்ட்டுக்கு டாட் காம்தான் சரி. லாக் ஆப்ஷன் போட்டிருக்கீங்களா? இல்லன்னா இன்னிக்கே போடுங்க, லாக் இல்லாம இது ஜோசியம்தான்.

பனியன்_ஐடி
டாட் காம்தாங்க. மூவ் எதுவும் இல்ல, வின்எஸ்சிபி வரிதான் கடைசி. நேத்தே லாக் போட்டுட்டேன், இன்னிக்கு 6 மணி லாக் இருக்கு. முழுசா போட முடியாது, பையர் செர்வர் பேரெல்லாம் இருக்கு. சுருக்கமா சொன்னா: கனெக்ட் ஆச்சு, பாஸ்வேர்டுக்குப் பதிலா கீ ஃபைல் வெச்சு உள்ள போச்சு, ஃபோல்டர் மாறுச்சு, ஃபோல்டர் லிஸ்ட்டிங் எடுத்துச்சு, செஷன் க்ளோஸ். எரர்னு ஒரு வார்த்த கூட இல்ல. கெட் கமாண்ட்ல இன்னிக்குத் தேதி வர்ற மாதிரி டைம்ஸ்டாம்ப் வெச்சு ஒரு மாஸ்க், அதாவது ஃபைல் பேரு எப்படி இருக்கணுங்கற அச்சு, குடுத்திருக்கேன், ஃபைல் பேருல வருஷம் மாசம் நாள் ஒட்டி வரும், அதுக்கப்பறம் அவங்க செர்வர் போடற மணி நிமிஷமும் வரும், அதான் மாஸ்க்.

லாக்_படிக்கும்_லட்சுமி
லிஸ்ட்டிங்ல என்னென்ன ஃபைல் இருந்துச்சு? அத விட்டுட்டீங்களே, அங்கதான விஷயமே இருக்கு.

பனியன்_ஐடி
நேத்து ஃபைல், முந்தாநாள் ஃபைல் எல்லாம் இருக்குங்க அக்கா. இன்னிக்குது இல்ல. ஆனா 9:30க்கு இருந்துச்சே!

லாக்_படிக்கும்_லட்சுமி
சரி, அப்ப உங்க ஸ்க்ரிப்ட் பொய் சொல்லல. 6 மணிக்கு அங்க ஃபைலே இல்ல. மாஸ்க்குக்கு ஒரு ஃபைலும் மாட்டலன்னா வின்எஸ்சிபி டீஃபால்ட்டா "எடுக்க ஒண்ணும் இல்ல, வேல முடிஞ்சுது"ன்னு 0 குடுத்துட்டு வெளில வந்துரும். ஃபெயில்ஆன்நோமேட்ச்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணாத்தான் ஃபைல் இல்லாதத எரரா எடுத்துக்கும். ஷெட்யூலர், பேட்ச், வின்எஸ்சிபி மூணும் அதது வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு.

இது என்னிக்கு ஆரம்பிச்சுது? தேதி வேணும், "கொஞ்ச நாளா"ங்கறது வேணாம்.

பனியன்_ஐடி
டவுன்லோட் ஃபோல்டர்ல ஃபைல் க்ரியேட் ஆன டைம் பாத்தேன். அக்டோபர் 25 சனிக்கிழம வரைக்கும் எல்லாமே காலைல 6:00க்கு வந்திருக்கு. ஞாயிறு பையர் அனுப்ப மாட்டாங்க. 27 திங்கள்ல இருந்து எல்லாம் 9:30க்கு மேல, அதாவது நான் கையால எடுத்தது. பாஸ்வேர்டு மாத்தினதும் அந்த வாரந்தான், அதனாலதான் நானும் அதுலயே சுத்திக்கிட்டு இருந்தேன்.

லாக்_படிக்கும்_லட்சுமி
2025 அக்டோபர் 26, கடைசி ஞாயித்துக்கெழம. அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல கடியாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டாங்க. கோடைல அவங்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், இப்ப அஞ்சரை. அவங்க ஜாப் அங்க ராத்திரி எத்தன மணிக்கு ஓடுதுன்னு பாருங்க, ஃபைல் பேருல மணி இருக்குன்னீங்களே.

பனியன்_ஐடி
0115ன்னு இருக்கு எல்லாத்துலயும். ஜூன்லயும் 0115, இப்பயும் 0115.

அடேங்கப்பா.

லாக்_படிக்கும்_லட்சுமி
அதேதான். அவங்க 1:15 நமக்கு கோடைல 5:45, இப்ப 6:45. உங்க 6:00 கோடைல கால் மணி நேரம் பின்னாடி, இப்ப முக்கால் மணி நேரம் முன்னாடி. அவங்க பக்கம் ஒண்ணுமே மாறல, உங்க பக்கமும் ஒண்ணும் மாறல.

தூக்கம்_கெட்டவன்
யோவ் செம்ம. நான்லாம் இன்னும் பாஸ்வேர்டுலயே நின்னுக்கிட்டு இருந்தேன்.

அப்ப ஈஸி, ட்ரிக்கர்ல "டைம் ஸோன்களுக்கு நடுவுல சிங்க் பண்ணு"ன்னு ஒரு செக்பாக்ஸ் இருக்கே, அத டிக் பண்ணிட்டா சரியாப் போச்சு.

மதுரை_சிஸ்அட்மின்
போகாது. அந்த டிக் என்ன பண்ணும்னா நேரத்த உலகப் பொது நேரமான யூடிசில ஆணி அடிச்சு வெச்சுரும், அவ்ளோதான். நம்ம நேரம் எப்பவும் யூடிசிக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி, கோடை நேரம்னு ஒண்ணு நமக்கு கெடையாது. அதனால இந்தியால அந்த டிக் போட்டாலும் போடாட்டியும் ஒரே நேரத்துலதான் ஓடும். நகர்றது லண்டன், அது விண்டோஸ் ஷெட்யூலருக்குத் தெரியாது.

லினக்ஸ்னா வழி இருக்கு. அங்க ஷெட்யூலரா இருக்கற சிஸ்டம்டி டைமர்ல ஆன்கேலண்டர் வரிக் கடைசில யூரோப் ஸ்லாஷ் லண்டன்னு ஸோன் பேர எழுதினாப் போதும், அது தானா நகரும். பெர்சிஸ்டன்ட் ட்ரூ வெச்சா மெஷின் ஆஃப்ல இருந்து தவறிப் போன ஓட்டத்தையும் ஆன் ஆனதும் ஓட்டிரும். ரெட்ஹேட் லினக்ஸ் பக்கம் வர்ற க்ரோனிங்கற ஷெட்யூலர்ல கிரான் டீஇசட்னு ஒரு வேரியபிள் வெச்சு ஸோன் குடுக்கலாம்.

யாழ்_டெவ்
எங்கட நேரமும் அஞ்சரைதானே, அதால எங்கட ஓஃபிஸிலயும் இதே சிக்கல் வந்தது. நாங்கள் லண்டன் ஒண்டு, நியூயோர்க் ஒண்டு எண்டு ரெண்டு இடத்திலயிருந்து பைல் எடுக்கிறம். அதில இன்னொரு விளையாட்டு இருக்கு. அமெரிக்கா மார்ச் ரெண்டாம் ஞாயிறு மாத்தும், இங்கிலாந்து மார்ச் கடைசி ஞாயிறுதான் மாத்தும். நவம்பரிலயும் அப்பிடித்தான், அமெரிக்கா முதல் ஞாயிறு. இடையில கொஞ்ச நாளைக்கு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வழமையா இருக்கிற அஞ்சு மணித்தியாலம் இல்ல, நாலு. ஒரு பைல் வந்த பிறகு மற்றதை எடு எண்டு நேரத்தை வச்சு எழுதினால் அந்தக் கிழமைகளில கட்டாயம் அடிவாங்கும்.

கிரான்_மாமா
சரி நான் சொன்னது தப்பாப் போச்சு, அத விடு. எளிமையா ஒண்ணு சொல்றேன், டைம 7:00க்கு மாத்திட்டு போய்ட்டே இரு. கோடைலயும் 7, குளிர்லயும் 7. ஃபைல் எப்படியும் வந்திருக்கும்.

மதுரை_சிஸ்அட்மின்
இன்னிக்கு சரியாப் போகும் மாமா. நாளைக்கு அவங்க ஜாப் லேட்டாகி 1:15க்கு பதிலா 2 மணிக்கு முடிஞ்சா? திரும்ப 0எக்ஸ்0, திரும்ப காலி ஃபோல்டர். ஒரு நேரத்த யூகிச்சு அந்த ஒரு நேரத்துல ஒரே ஒரு தடவ போயி பாக்கறதுதான் இங்க கோளாறு. ட்ரிக்கர்ல "இத்தன நிமிஷத்துக்கு ஒருக்கா திரும்ப ஓட்டு"ன்னு இருக்கு. 5:30க்கு ஆரம்பிச்சு 15 நிமிஷத்துக்கு ஒருக்கா 4 மணி நேரத்துக்கு ஓட விடுங்க. லண்டன் எப்ப நகர்ந்தா நமக்கென்ன.

ஆனா அப்படிப் பண்றதுன்னா ஸ்க்ரிப்ட் எத்தன தடவ ஓடினாலும் ஒண்ணும் கெடாத மாதிரி இருக்கணும். மொதல்ல இன்னிக்கு ஃபைல் லோக்கல்ல ஏற்கனவே இருக்கான்னு பாக்கணும், இருந்தா சத்தமில்லாம வெளில வந்துரணும். இல்லன்னா எடுத்து மொதல்ல ஒரு தற்காலிக ஃபோல்டர்ல போட்டு, எல்லாம் சரின்னு தெரிஞ்சப்பறம் பேக்கிங் ஆளுங்க பாக்கற ஃபோல்டருக்கு மூவ் பண்ணணும். ரெண்டும் ஒரே டிரைவ்ல இருக்கட்டும், அப்பத்தான் மூவ் ஒரே நொடில பேர் மாத்தற மாதிரி நடக்கும், பாதி காப்பி ஆன ஃபைல யாரும் தொறக்க மாட்டாங்க. செட்டிங்ஸ் டேப்ல கீழ "ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்தா புதுசா கிளப்பாதே"ன்னு இருக்கான்னும் பாத்துக்குங்க.

தூக்கம்_கெட்டவன்
15 நிமிஷத்துக்கு ஒருக்கா போனா அவங்க எழுதிக்கிட்டே இருக்கறப்போ பாதி ஃபைல எடுத்துட்டு வந்துட மாட்டோமா?

லாக்_படிக்கும்_லட்சுமி
நல்ல கேள்வி, இந்த இழைலயே இதான் முக்கியமானது. எடுப்பீங்க, கண்டிப்பா ஒரு நாள் எடுப்பீங்க. நாம அனுப்பற பக்கம்னா வின்எஸ்சிபியே பாத்துக்கும், எஸ்எஃப்டிபில 100 கேபிக்கு மேல இருக்கற ஃபைல டாட் ஃபைல்பார்ட்னு வேற பேருல ஏத்தி, முழுசா ஏறினப்பறம்தான் நெஜப் பேருக்கு மாத்தும். ஆர்சிங்க்னு ஃபைல் காப்பி பண்ற டூலும் அந்த மாதிரிதான், புள்ளில ஆரம்பிக்கற பேருல எழுதி கடைசில மாத்தும். ஆனா பையர் பக்கம் ஜாப் நேரா அந்தப் பேருலயே வரி வரியா எழுதினா நமக்கு எங்க முடியுதுன்னு தெரியாது.

சில பேர் சைஸ ரெண்டு தடவ பாத்து மாறலன்னா முடிஞ்சுதுன்னு எடுத்துக்குவாங்க. எனக்கு அது பிடிக்காது, அந்தப் பக்கம் டேட்டாபேஸ் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினாக் கூட சைஸ் மாறாம நிக்கும். பையர்கிட்டயே கேளுங்க, ஃபைல் முடிஞ்சதும் அதே பேருல டாட் ஓகேன்னு ஒரு காலி ஃபைல் போட முடியுமான்னு. நீங்க ஓகே ஃபைல் இருந்தா மட்டும் சிஎஸ்விய எடுப்பீங்க. இல்லன்னா சிஎஸ்வி கடைசி வரில மொத்தம் எத்தன ரெக்கார்டுன்னு ட்ரெய்லர் இருக்கான்னு பாருங்க, பெரிய கடைக்காரங்க ஃபைல்ல பெரும்பாலும் இருக்கும், எண்ணிப் பாத்து சரியா இருந்தா மட்டும் மூவ் பண்ணுங்க.

பனியன்_ஐடி
கடைசி வரி டீஆர்எல்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்குங்க அக்கா! இத்தன நாளா அது என்னன்னே தெரியாம பேக்கிங்ல எக்செல்ல தொறந்ததும் மொத வேலையா அந்த வரிய டிலீட் பண்ணிட்டு இருந்தாங்க.

மதுரை_சிஸ்அட்மின்
😂😂 சூப்பர்வைசருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.

புது_ஆளு_22
சார் சும்மா ஒரு டவுட், ஃபைல்ஸில்லால ஷெட்யூல் பண்ண முடியாதா, எனக்கு அதுதான் தெரியும்.

கிரான்_மாமா
முடியாது தம்பி, ஃபைல்ஸில்லா கையால இழுத்துப் போடறதுக்குத்தான், தானா ஓடற வசதி அதுல கெடையாது. வின்எஸ்சிபில கையால ஒரு தடவ டிரான்ஸ்ஃபர் பண்றப்போ "கோடு உருவாக்கு"ன்னு ஒரு வசதி இருக்கு, நீ செஞ்சத அப்படியே ஸ்க்ரிப்ட்டாவோ பவர்ஷெல்லாவோ எழுதிக் குடுத்துரும், அதுல இருந்து ஆரம்பி. சாதா எஃப்டிபி பக்கமே போகாத, பாஸ்வேர்டு கம்பில அம்மணமாப் போகும். எஃப்டிபியோட மொத ஆவணம் 1971ல எழுதினது, எழுதினவரு அபய் பூஷண், ஐஐடி கான்பூரோட மொத பேட்ச்சு, அது பெரும படவேண்டிய விஷயம்தான், ஆனா அந்தக் காலத்துல நெட்வொர்க்ல இருந்ததே கொஞ்சம் பேரு.

பனியன்_ஐடி
இன்னொரு சந்தேகமுங்க. ஃபெயில்ஆன்நோமேட்ச் ஆன் பண்ணா காலைல 5:30, 5:45, 6:00ன்னு ஃபைல் வர்ற வரைக்கும் ஒவ்வொரு ஓட்டமும் ஃபெயில்னு காட்டுமே, மெயில் வெச்சா தினமும் காலைல மெயிலா கொட்டாதா?

மதுரை_சிஸ்அட்மின்
கொட்டும், ரெண்டு வாரத்துல நீங்களே அந்த மெயிலுக்கு ஃபில்டர் போட்டு ஒதுக்கிருவீங்க. அதனால ஃபெயில் ஆச்சுன்னு கத்தறத விடுங்க, "இந்நேரத்துக்குள்ள நல்ல சேதி வரலன்னா கத்து"ன்னு திருப்பிப் போடுங்க. தனியா இன்னொரு சின்ன டாஸ்க், காலைல 7:30க்கு. அது எஸ்எஃப்டிபி பக்கமே போகக் கூடாது, பேக்கிங் ஃபோல்டர்ல இன்னிக்குத் தேதி ஃபைல் இருக்கா, அதுல வரி இருக்கா, அவ்ளோதான் பாக்கணும். இல்லன்னா உங்க போனுக்கு சேதி. டெலிகிராம் பாட் வெச்சா ஒரே வரி வேல. டாஸ்க் ஷெட்யூலர்ல இருக்கற "மெயில் அனுப்பு" ஆக்ஷன மைக்ரோசாஃப்ட்டே கைவிட்டாச்சு, அத நம்பாதீங்க.

லாக்_படிக்கும்_லட்சுமி
அதுலயும் ஒரு ஓட்ட இருக்கு, அந்த 7:30 டாஸ்க்கும் அதே கம்ப்யூட்டர்லதான ஓடும். ராத்திரி விண்டோஸ் அப்டேட் போட்டு பாதில நின்னாலோ கரண்ட் போனாலோ கத்த வேண்டியதும் சேந்து தூங்கிரும். வெளில இருந்து பாக்கற ஒண்ணு வேணும். ஹெல்த்செக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சேவ இருக்கு, உங்க ஸ்க்ரிப்ட் நல்லபடியா முடிஞ்சா ஒரு லிங்க்க தட்டணும், சொன்ன நேரத்துக்குள்ள தட்டலன்னா அது உங்களுக்கு சேதி அனுப்பும். அதுலயே டைம் ஸோன் லண்டன்னு குடுக்கலாம். தட்டறது ட்ரெய்லர் எண்ணிக்க சரி பாத்து, மூவும் முடிஞ்சப்பறம் கடைசி வரியா இருக்கணும். ஸ்க்ரிப்ட் ஆரம்பத்துலயே தட்டிட்டு அப்பறம் ஃபெயில் ஆனா ஒரு பிரயோஜனமும் இல்ல.

யாழ்_டெவ்
கீ பைலை எங்க வச்சிருக்கிறீங்கள்? பேட்ச் பைலுக்குப் பக்கத்தில எல்லாரும் வாசிக்கக்கூடிய மாதிரி இருந்தால் மாத்துங்கோ. தானா ஓடுற கீக்கு பாஸ்ஃப்ரேஸ், அதாவது கீயைத் திறக்கிற பாஸ்வேர்ட், போட்டாலும் அந்த பாஸ்ஃப்ரேஸையும் ஸ்கிரிப்டிலதான் எழுதவேணும், அதால பெருசா பாதுகாப்பு இல்ல. இதுக்கெண்டே தனியா ஒரு விண்டோஸ் அக்கவுண்ட் செய்து, அந்தக் கீ போல்டரை அவர் மட்டும் வாசிக்கிற மாதிரி பெர்மிஷன் குடுங்கோ. அப்ப உங்கட பாஸ்வேர்ட் மாறினாலும் டாஸ்க்குக்கு ஒண்டும் ஆகாது, நீங்கள் வேலையை விட்டுப் போனாலும் ஓடும்.

கிரான்_மாமா
ஆனா தனி அக்கவுண்ட் போட்டா நான் மொதல்ல சொன்னதெல்லாம் அப்பத்தான் வந்து நிக்கும். ரெஜிஸ்ட்ரி, ஹோஸ்ட் கீ, மேப் டிரைவ், எல்லாம். "பேட்ச் ஜாபா லாகான் பண்ணலாம்"ங்கற உரிமையும் அந்த அக்கவுண்ட்டுக்கு வேணும். ஸ்டார்ட் இன் பாக்ஸ்ல பாத் குடுக்கறப்போ மேற்கோள் குறி போடாத, போட்டா டாஸ்க்கே கிளம்பாது. எத்தன பேர் அதுல மாட்டிருக்கான் தெரியுமா.

பனியன்_ஐடி
எல்லாம் மாத்தியாச்சுங்க. தனி அக்கவுண்ட், முழு பாத், ஹோஸ்ட் கீ ஸ்க்ரிப்ட்லயே. 5:30ல இருந்து 15 நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடுது. இன்னிக்கு 6:45 ஓட்டத்துல ஃபைல் இல்ல, அவங்க அப்பத்தான் எழுத ஆரம்பிச்சிருப்பாங்க போல, 7:00 ஓட்டத்துல வந்துச்சு, ட்ரெய்லர் எண்ணிக்க சரி, மூவ் ஆச்சு, ஹெல்த்செக்ஸ்ல பச்சை. சூப்பர்வைசர் போன் வரல.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஞாயிறும், லண்டன்ல பேங்க் ஹாலிடேன்னு சொல்ற அரசு விடுமுறைலயும் பையர் ஃபைல் போட மாட்டாங்க, அன்னிக்கெல்லாம் ஹெல்த்செக்ஸ் கத்துமே. ஞாயித்த ஷெட்யூல்ல விட்டுரலாம், அவங்க பேங்க் ஹாலிடேக்கு நான் எங்க போறது?

மதுரை_சிஸ்அட்மின்
ஹாலிடே லிஸ்ட்ட ஸ்க்ரிப்ட்ல எழுதினா வருஷா வருஷம் அத மாத்தணும், மறந்துருவீங்க. பையர்கிட்டயே கேளுங்க, ஆர்டர் இல்லாத நாள்லயும் ஹெட்டரும் ட்ரெய்லர் 0ன்னும் வெச்சு ஒரு வெறும் ஃபைல் போட முடியுமான்னு. ஃபைல் வரலங்கறதுக்கும், வந்துச்சு ஆனா ஆர்டர் இல்லங்கறதுக்கும் வித்தியாசம் அப்பத்தான் நமக்குத் தெரியும்.

பனியன்_ஐடி
மெர்ச்சண்டைசர் மூலமா மெயில் போட்டேங்க. ஞாயிறு உட்பட எல்லா நாளும் வெறும் ஃபைலாச்சும் வரும்னு பதில் வந்திருக்கு, டாட் ஓகே ஃபைல் மட்டும் அடுத்த வருஷ பட்ஜெட்ல பாக்கறோம்னு சொல்லிட்டாங்க. ட்ரெய்லர் இருக்கே, அது போதும். 7:30 டாஸ்க்ல "வரி இருக்கா"ன்னு பாக்கறத எடுத்துட்டு, ட்ரெய்லர் எண்ணிக்கயும் வரியும் ஒத்துப் போகுதான்னு மாத்திட்டேன், இல்லன்னா 0 ஃபைல் வர்ற அன்னிக்கெல்லாம் டெலிகிராம் கத்தும்.